ஏழாம் பலகையில் பெயின்ட் வாசனை

காணாமல் போனவர்களைத் தேடும் தொழிலில் பதினோராம் நாள் மோசமான நாள். முதல் மூன்று நாள் எல்லோரும் மனதோடு தேடுவார்கள். ஏழாம் நாள்வரை கடமைக்குத் தேடுவார்கள். ஒன்பதாம் நாள் ஒரு கையெழுத்தைப் போட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் இரண்டு நாள் சுற்றிவிட்டு, பதினோராம் நாள் எங்களிடம் வருவார்கள்.

நாங்கள் என்றால் மேடமும் நானும். மேடம் இருபது வருஷம் டெலிபோன் புகார் பிரிவில் உட்கார்ந்து, ஊரில் இருப்பவர்களின் வசவையெல்லாம் காதில் வாங்கியவர். அதில் எது புகார், எது புலம்பல் என்று பிரித்துப் பிரித்தே காது பழகிவிட்டது. வேலையை விட்டதும் துப்பறியும் ஆபீஸ் ஒன்றைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். பேச ஆரம்பித்தால் என்னை அணைக்க முடியாது என்று ஊரே என்னை ரேடியோ என்று கூப்பிடும். மேடமும் அப்படித்தான் கூப்பிடுவார், சம்பள ரசீதில்கூட.

அந்த வெள்ளிக்கிழமை காலை, பூங்கா வாசலில் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் எங்கள் கட்சிக்காரர் காத்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காணாமல் போனது அவருடைய அக்கா. பதினோரு நாளாகச் சவரம் செய்யாத முகம், ஆனால் சட்டை மட்டும் துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. அக்கா எந்த நிமிஷம் வந்தாலும் அழுக்குச் சட்டைக்குத் திட்டு வாங்கக் கூடாது என்று போட்டிருந்தார் போல.

"அக்காதான் மேடம் என்னை வளர்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னாரு. எப்பவும் நாங்க ரெண்டு பேரும் ஏரிக்கரையிலதான் நடப்போம். அன்னிக்கு எனக்கு லீவு கிடைக்கல. இந்தப் பார்க் நல்லா இருக்கும், போயிட்டு வான்னு நான்தான் அனுப்பிச்சேன்."

"இதுதான் முதல் தடவையா வந்தாங்க?"

"முதல் தடவைதான். தடுமாறிடப் போறாளேன்னு, மஞ்சள் பாதைதான் சுலபம், மஞ்சளத் தவிர வேற எதையும் பார்க்காதேன்னு சொன்னேன்."

பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். இது ஒரு மலைச்சரிவு முழுக்கக் காடு. அதற்குள் நடக்கிறவர்களுக்காக மஞ்சள், நீலம் என்று இரண்டு பாதைகள். வழி நெடுகக் கம்பம் நட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு மரப்பலகை. பலகையில் எண்ணும் அம்பும் செதுக்கியிருக்கும், பாதையின் நிறம் அடித்திருக்கும். அவ்வளவுதான்.

மேடம் ஃபைலைப் புரட்டினார். பூங்கா சூப்பர்வைசர் எழுதியது. ஒரே ஒரு வரிதான் உருப்படி: 'திங்கள் காலை 10.40, மஞ்சள் பாதை 7ஆம் பலகை அருகே இருப்பதாகத் தம்பிக்குக் கடைசித் தகவல்.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் மஞ்சள் பாதையைச் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மழை வேறு பெய்து காலடித்தடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"தகவல்னு எழுதியிருக்கே. என்ன தகவல்?"

"குரல் பதிவு அனுப்பியிருந்தா மேடம். அவரு கேட்டுட்டு, சுருக்கி எழுதிக்கிட்டாரு."

"சுருக்காம குடுங்க."

தம்பிக்காரர் செல்போனை எடுத்தார். எங்கே தட்ட வேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ஒரு பெண்குரல், கொஞ்சம் மூச்சு வாங்க:

"டேய், ஏழாம் பலகைகிட்ட உக்காந்திருக்கேன். நீ சொன்ன மாதிரி மஞ்சளத் தவிர எதையும் பார்க்கல. இங்க ஒரே பெயின்ட் வாசனை, தலைய வலிக்குது. ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடுவேன். ஒரு மணிக்கு வாசலுக்கு வந்துடு. சாப்பிட்டியா?"

மேடம் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். தம்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க அக்காவை உயிரோட கொண்டு வர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். பதினோரு நாள் ஆச்சு. எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்ல முயற்சி பண்றேன். இங்கயே இருங்க."

"அது தெரிஞ்சாக்கூடப் போதும் மேடம்" என்றார் அவர். அந்த 'போதும்' எவ்வளவு பெரிய பொய் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

சூப்பர்வைசர் ஆபீஸ் அறையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நின்றபடியே பேச விட்டார். மூடிய ஃபைலைத் திறக்க வந்தவர்களுக்கு நாற்காலி எதற்கு என்ற கணக்கு.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடியாச்சுங்க. எங்க பெயின்டர் ஒன்பது நாளும் முன்னாடி நடந்து வழி காட்டினாரு. பலகை வேலையெல்லாம் அவருதான். இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு பலகையும் அவருக்கு மனப்பாடம்."

"நீலப் பாதையில தேடினீங்களா?"

"எதுக்கு? அந்தம்மாவே மஞ்சள்னு சொல்லியிருக்காங்களே."

வெளியே வந்ததும் நான் என் சந்தேகத்தை அவிழ்த்துவிட்டேன். "மேடம், ஒன்பது நாள் ஓவர்டைம் இல்லாம ஒருத்தர் முன்னாடி நடக்கிறாருன்னா நம்பவா முடியும்? நானா இருந்தா ரெண்டாம் நாளே முட்டி வலின்னு படுத்திருப்பேன்."

"நீ முதல் நாளே படுத்திருப்ப. நட."

நடந்தோம். எனக்கும் மரங்களுக்கும் ஒத்துப் போவதில்லை. அவை நின்றுகொண்டே இருக்கின்றன, என்னை மட்டும் ஏற்றத்தில் நடக்க விடுகின்றன. ஒன்றிலிருந்து ஆறாம் பலகைவரை இரண்டு பாதையும் சேர்ந்தே போகிறது. அதனால் அந்த ஆறு பலகைக்கும் பாதி மஞ்சள், பாதி நீலம். ஆறைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் மஞ்சள், இடப்பக்கம் நீலம். ஒன்பது நாள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் மிதித்ததில் வலப்பக்கம் புல்லே இல்லை. நாங்களும் அந்தப் பக்கமே திரும்பினோம். ஒரு புதரைச் சுற்றிக்கொண்டு போனால் மஞ்சள் ஏழு.

மேடம் அதன் பக்கத்தில் போய், பலகையில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"மோப்ப நாய் வேலையும் நாமதானா மேடம்? பேசின சம்பளத்துல இது வராதே."

"நீயும் மோந்து பாரு."

பார்த்தேன். மழையில் ஊறிய மர வாசனை. மஞ்சள் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. செதுக்கிய ஏழுக்குள் பாசி படர்ந்திருந்தது. அம்பின் முனையில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"இது பெயின்ட்டைப் பார்த்து மூணு வருஷமாவது இருக்கும்" என்றார் மேடம். "அவங்களுக்குத் தலை வலிக்கிற அளவுக்கு எங்கேர்ந்து வாசனை வந்துது?"

"பக்கத்துல வேற யாராவது பெயின்ட் அடிச்சிருக்கலாம்."

"எதுக்கு, மரத்துக்கா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். மரம், மரம், இன்னொரு மரம்.

"சூப்பர்வைசர் சுருக்கும்போது வெட்டிட்டது அந்த வாசனையைத்தான். புலம்பல்னு நினைச்சிருப்பாரு" என்றார் மேடம். "அவங்க உட்கார்ந்தது இந்தப் பலகைகிட்ட இல்ல, ரேடியோ. ஒன்பது நாளும் அவங்க வராத இடத்துலதான் தேடியிருக்காங்க."

பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பினோம். மேடம் நடுவில் நின்று என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"இப்ப நீதான் அந்தம்மா. புது இடம். மஞ்சளத் தவிர எதையும் பார்க்கக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கான். என்ன தெரியுது?"

வலப்பக்கம் புதர். அதற்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் ஏழு இங்கிருந்து தெரியவே இல்லை. இடப்பக்கம் பாதை நேராக ஓடியது. ஐம்பதடி தள்ளி, வெயில் படுகிற இடத்தில், பளிச்சென்று ஒரு பலகை.

"நீலம் ஏழுதான் தெரியுது. மஞ்சள் எங்கயும் இல்ல."

"அந்தப் பலகை அன்னிக்கு மஞ்சளா இருந்திருந்தா?"

இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக அதனிடம் போனோம். நீலம் அப்படியே கண்ணைப் பறித்தது. பாசி இல்லை, சிலந்தி இல்லை, பெயின்ட் நெடி இன்னும் இலேசாக வந்தது. மேடம் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பலகையின் அடிவிளிம்பில் யாருக்கும் தெரியாத இடத்தில் சுரண்டினார். முதலில் நீலத்தூள் உதிர்ந்தது. அதன் கீழே மஞ்சள். அதற்கும் கீழேதான் மரம்.

"ஆச்சு மேடம்" என்றேன். "எவனோ இதுக்கு மஞ்சள் அடிச்சு, அந்தம்மாவை இந்தப் பக்கம் திருப்பியிருக்கான். வேலை முடிஞ்சதும் மேல நீலத்தை அடிச்சு மறைச்சுட்டான். பெயின்ட்டும் பிரஷும் யார் கையில இருக்கு? ஒன்பது நாள் முன்னாடி நடந்து எல்லாரையும் எதிர்ப்பக்கம் கூட்டிட்டுப் போனது யாரு? கையும் களவுமாப் பிடிச்சாச்சு."

"அவருக்கு அந்தம்மாவைத் தெரியுமா?"

"தெரியாதுதான்."

"பகையா, நகையா?"

"அதையெல்லாம் அவரே சொல்லுவாரு. பிடிச்சு உலுக்கினா போதும்."

மேடம் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. துப்புக் கிடைத்தால் அவருக்கு மூக்கின் நுனி லேசாகச் சிவக்கும், அன்று அதுவும் இல்லை.

பெயின்டரின் பட்டறை பூங்காவின் பள்ளமான மூலையில், பெரிய மரங்களின் அடியில், தகரக் கூரையோடு இருந்தது. உள்ளே ஈரம். சுவர் ஓரமாக இருபது முப்பது பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் மஞ்சள். அந்த மனிதருக்கு அறுபதை ஒட்டி வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியில்கூடப் புள்ளி புள்ளியாகப் பெயின்ட். எங்களைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து மேடத்துக்குப் போட்டார்.

"அந்தம்மா விஷயமா வந்தீங்களா? ஏதாவது தெரிஞ்சுதுங்களா? நான் நேத்துகூட வேலை முடிச்சுட்டு மஞ்சள் பத்துவரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

ஃபைலை மூடிய பிறகும் தேடியிருக்கிறார். நான் உலுக்குவதற்காக முறுக்கி வைத்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

"நீங்க செய்யற வேலையை எங்கயாவது எழுதி வைப்பீங்களா?" என்றார் மேடம்.

"அதெப்படி எழுதாம இருப்பேன்." பெருமையோடு ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துக் கொடுத்தார். மேடம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. 'திங்கள்: நீலம் 7. ஃபர்ஸ்ட் கோட். காலை 8.30 மாட்டியாச்சு. செவ்வாய்: நீலம் 7. காலை 8 மணி, செகண்ட் கோட். முடிந்தது.'

மறைக்கிறவன் இப்படித் தேதி போட்டு எழுதி ஆணியில் தொங்க விடமாட்டான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"காயறதுக்கு முன்னாடியே மாட்டிடுவீங்களா?"

"இந்தப் பள்ளத்துல காயாதுங்க, ஒரு வாரம் ஆகும். அங்க மேல வெயிலும் காத்தும் இருக்கு, ஒரே நாள்ல காஞ்சுடும். அதோட, ஒரு கம்பமும் மொட்டையா நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால ஃபர்ஸ்ட் கோட் அடிச்சதும் கொண்டுபோய் மாட்டிடுவேன். மறுநாள் அங்கயே போய் செகண்ட் கோட். ரொம்ப வருஷமா இப்படித்தான்."

"திங்கட்கிழமை அந்தப் பலகை என்ன நிறத்துல இருந்துது?"

"நீலங்க."

"திங்கட்கிழமை."

"நீலந்தாங்க. நீலம் ஏழு." காது கேட்காதோ என்று சந்தேகப்படுவதுபோல மேடத்தைப் பார்த்தார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு அதை ஈரத்தோட மாட்டிட்டு வந்தீங்க. கை கழுவியிருப்பீங்க இல்லையா? கழுவும்போது கையில என்ன நிறம் போச்சு?"

அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பதில் அங்கே எழுதியிருப்பது மாதிரி.

"மஞ்ச" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா அது மஞ்சள் இல்லீங்க. அது ஃபர்ஸ்ட் கோட். ஸ்டோர்லேர்ந்து மஞ்சள்தான் டப்பா டப்பாவா அனுப்புறாங்க. வீணாகுதேன்னு எல்லாப் பலகைக்கும் அதையேதான் அடியில அடிக்கிறது."

தகரத்தின் மேல் இலை ஒன்று விழும் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த மனிதருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், பார்க்கக் கூடாத ஒன்று அது. இருபத்தாறு வருஷம் பலகைகளோடு இருந்தவருக்கு அடியில் அடிக்கிற பெயின்ட் ஒரு நிறமே இல்லை. அது காயக் காத்திருக்கும் நீலம்.

"அந்தம்மா அதைப் பார்த்துட்டாங்களா?" என்றார்.

"அவங்க அதுக்குக் கீழதான் உட்கார்ந்து தம்பிக்குப் பேசியிருக்காங்க. பெயின்ட் வாசனை அடிக்குதுன்னும் சொல்லியிருக்காங்க. அது ஃபைல்ல வரல."

"எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது" என்றார். அதையே இன்னொரு தரமும் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பெயின்ட் புள்ளி எதுவும் போகவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வில்லன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். சட்டையைப் பிடித்திருக்கலாம், நாலு வசனம் பேசியிருக்கலாம். இங்கே பிடிப்பதற்கு ஒருவரும் இல்லை.

மேடம் சூப்பர்வைசருக்கு போன் போட்டார். மூடிய ஃபைல், மேலிடத்துக்கு எழுத வேண்டும், ஆட்கள் நாளைக்குத்தான் என்று பதில் வந்தது. மேடம் போனை வைத்துவிட்டு, பெயின்டரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தம்பிக்காரரிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவர் பெயின்டரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது நாளும் இருவரும் சேர்ந்து நடந்தவர்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர்கள். திட்டுவார், கைநீட்டுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நீலப் பாதையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

நான்கு பேரும் நீலம் ஏழைத் தாண்டினோம். எழுபது எண்பது அடி போனதும் பாதை காணாமல் போனது. மண் சரிந்து, பாறையும் புல்லுமாகக் கிடந்தது.

"எட்டாம் கம்பம் இங்கதான் இருந்துது" என்றார் பெயின்டர். "போன வருஷ மழையில மண்ணோட போயிடுச்சு. புதுக் கம்பம் கேட்டு மூணு தடவை எழுதிட்டேன், வரல. நீலத்துல இப்ப யாரும் அவ்வளவா வர்றதில்ல."

அங்கிருந்து மூன்று பக்கமும் இறங்கலாம். மூன்றும் பார்ப்பதற்குப் பாதை மாதிரியே இருந்தன, மூன்றும் பாதை இல்லை. கீழே முழுக்கப் புதரும் பள்ளமும். ஒவ்வொரு பக்கமாகத் தேடினால் இருட்டிவிடும்.

"உங்க அக்கா எப்படிப்பட்டவங்க?" என்று மேடம் தம்பிக்காரரிடம் கேட்டார். "பதறுவாங்களா?"

"பதற மாட்டா. எதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கும்."

"அப்படின்னா பாதை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி, திரும்பி வர்றதுக்கு ஏதாவது அடையாளம் வச்சிருப்பாங்க. துணி கட்டியிருக்கலாம், கிளையை ஒடிச்சிருக்கலாம். நல்லாப் பாருங்க."

குனிந்து குனிந்து தேடினோம். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. துணி இல்லை, கிளை இல்லை, ஒன்றும் இல்லை. மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தோம், பெயின்டர் தேடவே இல்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வச்சிருந்தாங்க" என்றார்.

தம்பிக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். "என்ன?"

"கல்லுல ஒரு அம்பு. வெள்ளைக் கல்லாப் பொறுக்கி அடுக்கியிருந்துது. செவ்வாக்கிழமை காலையில, செகண்ட் கோட் முடிச்சுட்டு, இதுவரைக்கும் வந்து பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். அப்பப் பார்த்தேன்." தரையைப் பார்த்தே பேசினார். "வர்றவங்க விளையாட்டுக்கு இந்த மாதிரி வைப்பாங்க. வழியில்லாத பக்கம் அம்பு இருந்தா, அதை நம்பி வேற யாராவது இறங்கிடுவாங்க. கண்டா உடனே கலைச்சுடணும். அது ஆபீஸ் உத்தரவுகூட இல்லீங்க, நானா வச்சுக்கிட்ட வழக்கம். யாரும் வழி தப்பிடக் கூடாதேன்னு."

"கலைச்சுட்டீங்க" என்றார் மேடம்.

"காலாலயே தள்ளிவிட்டேன்."

"கீழ எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"குரல் ஏதாவது குடுத்தீங்களா?"

"யாரும் இல்லைன்னுதானே நெனச்சேன். யாரைக் கூப்பிடறது? அப்புறம் வாசலுக்குப் போனா, முந்தின நாள்லேர்ந்து ஒருத்தங்களைக் காணோம், மஞ்சள் பாதைன்னாங்க. ஓடிப்போய் முன்னாடி நின்னுக்கிட்டேன். இதுவும் அதுவும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல."

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருந்தது. வரவில்லை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகார் பிரிவில் இருபது வருஷம் அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டவருக்கும் கேட்க முடியாதது ஒன்று இருந்தது.

தம்பிக்காரர் மட்டும் குரல் மாறாமல் கேட்டார். "அம்பு எந்தப் பக்கம் காட்டுச்சு?"

பெயின்டர் முழங்காலில் ஊர்ந்து புல்லை விலக்கினார். ஒரு வெள்ளைக் கல் கிடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தள்ளிவிட்ட கற்கள் எல்லாமே பக்கத்தில்தான் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து அடுக்கினார். எந்தக் கல் எங்கே இருந்தது என்பதில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. ஒருமுறை பார்த்த அம்பை மறக்கிறவர் இல்லை அவர். ஒன்பது கல் வைத்ததும் அம்பு முழுசாகிவிட்டது. இரண்டு பாறைகளுக்கு நடுவே இடப்பக்கச் சரிவைக் காட்டியது.

தம்பிக்காரர் இறங்கினார். மேடம் கண்ணைக் காட்ட, நானும் பின்னாலேயே இறங்கினேன்.

தேடவே தேவையில்லாமல் போய்விட்டது. பாறை இடுக்கைத் தாண்டியதும் ஒரு செங்குத்துச் சரிவு, அதன் அடியில் அந்த அக்கா கிடந்தார். ஒரு கால் கல்லின் கீழே மாட்டியிருந்தது. உயிர் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. கைப்பையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். செல்போன் அடிபட்டுக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. தண்ணீர் பாட்டில் காலியாக, மூடி போட்டு, விழாதபடி கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். விழுந்த அன்றைக்கே போனவர் இதெல்லாம் செய்திருக்க முடியாது. நான் அதைக் கவனித்ததைத் தம்பிக்காரரும் கவனித்தார்.

அவர் அழவில்லை. அக்காவின் சேலையைக் கால்வரை சரியாக இழுத்துவிட்டார். பாட்டிலைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அதே இடத்தில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே பாறை விளிம்பில் மேடமும் பெயின்டரும் நிற்பது அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது.

நான் அங்கேயே காவலுக்கு நின்றேன். அவர் மட்டும் மேலே ஏறினார். காட்டில் காற்றே இல்லை. அவர்கள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"இருக்காங்களா?" என்றார் பெயின்டர்.

"இருக்கா. செத்துப் போயிட்டா."

பிறகு பெயின்டர் கேட்டார், "ரொம்ப தூரம் போயிட்டாங்களா?" எப்படியாவது ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தக் குரல் கெஞ்சியது.

தம்பிக்காரர் விளிம்பிலிருந்து கீழே திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "கூப்பிடு தூரந்தான்."